இ-ரீடர் வாங்குமுன்: பத்துப் புத்தகப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்

இ-ரீடர், அதாவது மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள கருவி, வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் யூடியூபில் ஒப்பீட்டு வீடியோ பார்ப்பதில் தொடங்குகிறார்கள். அந்த வீடியோக்களில் திரையில் ஓடுவது ஏதாவது ஆங்கில நாவலாக இருக்கும். ஆங்கில நாவலுக்கு இன்று விற்கிற எந்த ரீடரும் போதும். தமிழுக்கு அது செல்லாது. தமிழ்ப் புத்தகம் மூன்று வெவ்வேறு வழியாக நம் கைக்கு வருகிறது. ஒவ்வொரு வழிக்கும் ஒத்துவருகிற கருவி வேறு. எனவே கருவிகளை ஒப்பிடுவதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, முதலில் புத்தகங்களைக் கணக்கெடுங்கள்.

ஒரு தாளில், அடுத்த ஆறு மாதத்தில் உண்மையாகவே படிக்கப்போகிற பத்துப் புத்தகங்களை எழுதுங்கள். படித்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றுபவை வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது மின்னூலாக எங்கே கிடைக்கிறது, என்ன வடிவத்தில் கிடைக்கிறது என்று தேடிக் குறியுங்கள். ஒரு மணி நேர வேலை. தவறான கருவி வாங்குகிறவர்களில் பலர் தாண்டிப்போவது இந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

தேடும்போது மூன்று வகை கண்ணில் படும்.

முதல் வகை, காசு கொடுத்து வாங்குபவை. இன்றைய எழுத்தாளர்களின் நாவல், சிறுகதை, கட்டுரைத் தொகுப்புகள் இதில் வரும். 2016 டிசம்பரில் அமேசான் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் தன் ரீடரான கிண்டிலுக்கு நூல்களைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு தமிழ்ப் பதிப்பகங்களும் தாமே பதிப்பிக்கும் எழுத்தாளர்களும் அதிகம் போய்ச் சேர்ந்த இடம் கிண்டில் கடைதான். கூகுள் பிளே புக்ஸிலும் தமிழ் நூல்கள் உண்டு. இங்கே கவனிக்க வேண்டியது பூட்டு. கிண்டில் கடையில் பூட்டோடு விற்கும் புத்தகம் கிண்டில் கருவியிலும் கிண்டில் ஆப்பிலும் மட்டுமே திறக்கும், கோபோ போன்ற வேறு நிறுவன ரீடரில் திறக்காது. கணினிக்கு இறக்கி யுஎஸ்பி வழியாக ரீடருக்கு ஏற்றும் வசதியையும் 2025 பிப்ரவரியில் அமேசான் எடுத்துவிட்டது.

இரண்டாவது வகை, இலவச ஈபப். ஈபப் என்பது திரைக்கேற்ப எழுத்தளவும் வரியும் மாறும் மின்னூல் வடிவம். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நூல்கள் கிடைக்கின்றன. ஈபப், மோபி, ஏ4 பிடிஎஃப் ஆகியவற்றோடு 6 அங்குலத் திரைக்கென்றே செய்த பிடிஎஃப்பும் இருக்கும். தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் ஏராளம்; ஒவ்வொரு நூலின் பக்கத்திலும் ஈபப் ஆக இறக்கிக்கொள்ள வழி உண்டு. சங்க இலக்கியம், பக்தி இலக்கியம் என்றால் மதுரைத் திட்டம். பெயரில்தான் மதுரை, 1998 பொங்கலன்று அது தொடங்கியது சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியில். இந்த இரண்டாவது வகைக் கோப்புகளை எந்த ரீடரும் ஏற்கும். சிலவற்றில் சுற்றுவழி கொஞ்சம் கூடும், அவ்வளவே.

மூன்றாவது வகை, ஸ்கேன் பிடிஎஃப். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம், இன்டர்நெட் ஆர்க்கைவ் எல்லாம் இதில் சேரும். பழைய நூல்கள், ஆய்வுகள், இதழ்த் தொகுப்புகள், தலபுராணங்கள் இங்கேதான் கிடைக்கும். இவை எழுத்துகள் அல்ல, பக்கத்தின் படங்கள். எழுத்தைப் பெரிதாக்கு என்றால் படம்தான் பெரிதாகும். வரி திரைக்கு வெளியே போய்விடும்.

பத்தில் ஆறு ஏழு முதல் வகை என்றால் கிண்டில் வாங்குங்கள், மேலே யோசிக்க ஒன்றுமில்லை. ஆறு ஏழு இரண்டாவது வகை என்றால் கிண்டில், கோபோ இரண்டும் சரி. விலையும் வாரண்டியும் முடிவு செய்யட்டும். பாதிக்கு மேல் ஸ்கேன் பிடிஎஃப் என்றால் 6 அங்குல ரீடரை மறந்துவிடுங்கள், அடுத்த பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள்.

நான்காவதாக ஒரு கூட்டம் உண்டு. மதுரை நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் டிஎன்பிஎஸ்சிக்கும் வங்கித் தேர்வுக்கும் படிக்கிறவர்களைப் பார்க்கலாம். அவர்களுக்கு வேண்டியது சமச்சீர்ப் பாடநூல் பிடிஎஃப், நடப்பு நிகழ்வுத் தொகுப்பு, வினாத்தாள். எல்லாம் பெரிய பக்கம், வண்ணப் பெட்டிகள், வரைபடங்கள். முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டிய படிப்பு. ரீடர்களில் உள்ள மின்மைத் திரை (இ-இங்க்) பக்கம் மாற்ற எடுக்கும் அந்த அரை நொடியே இதற்கு எரிச்சல். இந்தத் தேவைக்கு 10 அங்குல சாதாரண டேப்லெட் வாங்குவதுதான் புத்தி. ரீடர் வேலை கிடைத்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

திரை அளவை ஜெராக்ஸ் கடையில் சோதிப்பது

ரீடர் அளவுகள் அங்குலத்தில், மூலைவிட்டமாகச் சொல்லப்படுகின்றன. அதை வைத்து எதையும் கற்பனை செய்ய முடியாது, சென்டிமீட்டரில் பாருங்கள். 6 அங்குலத் திரை ஏறத்தாழ 9.1 க்கு 12.3 செ.மீ. 7 அங்குலம் 10.7 க்கு 14.2. 7.8 அங்குலம் 11.9 க்கு 15.8. 10.3 அங்குலம் 15.7 க்கு 20.9.

இனிப் புத்தகங்களுக்கு வாருங்கள். இன்றைய தமிழ் நாவல்கள் பெரும்பாலும் டெம்மி அளவு, 14 க்கு 21.5 செ.மீ. சுமார். ஓரங்களை நீக்கினால் அச்சுப் பகுதியின் அகலம் ஏறத்தாழ 10.5 செ.மீ. பழைய நூல்களில் கிரவுன் அளவு மிகுதி. அதில் அச்சுப் பகுதி 9 செ.மீ. அளவில் நிற்கும். ஆக, ஓரம் வெட்டப்பட்ட கிரவுன் ஸ்கேன் 6 அங்குலத் திரையிலேயே அச்சில் இருந்த அளவில் தெரியும். டெம்மி 87 சதவீதமாகச் சுருங்கும். கண் நன்றாக இருந்தால் படித்துவிடலாம். கருவியைப் படுக்கவைத்துப் படித்தால் அகலம் 12.3 செ.மீ. கிடைக்கிறது, அச்சைவிடப் பெரிதாகவே தெரியும். ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று முறை தட்ட வேண்டும். ஏ4 பக்கம்தான் தலைவலி. ஓரத்தோடு போட்டால் 43 சதவீதம், 12 புள்ளி எழுத்து 5 புள்ளியாகிவிடும். மருந்து டப்பாவுக்குள் இருக்கும் துண்டுத்தாளைப் படிப்பது போலத்தான்.

கணக்கை நம்பாதவர்கள் ஜெராக்ஸ் கடையில் செய்து பார்க்கலாம். பட்டியலில் உள்ள ஸ்கேன் நூலிலிருந்து இரண்டு பக்கத்தை ஏ4 தாளில், அச்சுப் பகுதியின் அகலம் 9.1 செ.மீ. வருமாறு சுருக்கி எடுத்துத் தரச் சொல்லுங்கள், பக்கத்திலேயே 10.7 செ.மீ. அகலத்தில் இன்னொன்று. ஐந்து பத்து ரூபாய்க்குள் முடியும். இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய், இரவு நீங்கள் வழக்கமாகப் படிக்கும் வெளிச்சத்தில், வழக்கமான தூரத்தில் வைத்து அரை மணி நேரம் படியுங்கள். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் ‘பரவாயில்லை’ என்று சொல்லக் கூடாது. கண் சலிப்பது பத்து நிமிடத்துக்கு மேல்தான்.

ஈபப் நூல்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, எழுத்தைப் பெரிதாக்கலாம். ஆனால் அங்கே தமிழுக்கென்று வேறொரு தொல்லை. நம் சொற்கள் நீளம். ‘போய்விட்டிருந்திருக்கலாமென்று’ என்ற ஒரே சொல் சின்னத் திரையில் முக்கால் வரியைத் தின்றுவிடும். 6 அங்குலத்தில் வசதியான எழுத்தளவு வைத்தால் வரிக்கு மூன்று நான்கு சொல்தான் நிற்கும். இரு ஓரமும் சமமாக நிற்கும்படி வைத்திருந்தால் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய இடைவெளி விழும். எழுத்து அமைப்பில் போய் இடப்பக்கம் மட்டும் சீராக்கும் தேர்வை வைத்ததும் பாதித் தொல்லை போய்விடும். மிச்சப் பாதிக்கு மருந்து பெரிய திரைதான்.

வீட்டுப் பெரியவர்களுக்கு வாங்குகிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். கண்புரை அறுவை செய்துகொண்டவர், வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர் எல்லாம் எழுத்தை மேலும் இரண்டு படி ஏற்றுவார்கள். 6 அங்குலத்தில் அப்போது வரிக்கு இரண்டு சொல் மிஞ்சும். படிக்கும் நேரத்தைவிடப் பக்கம் தள்ளும் நேரம் அதிகமாகிவிடும். பெரியவர்களுக்கு 7 அங்குலத்துக்குக் கீழே வாங்காதீர்கள்.

திரையில் பார்க்க வேண்டியவை

மின்மைத் திரையில் கறுப்பு, வெள்ளை நிறத்துகள்கள் நுண்ணிய உறைகளுக்குள் மின்னூட்டத்தால் மேலும் கீழும் நகர்கின்றன. நகர்ந்தபின் அப்படியே நிற்கும்; நிற்பதற்கு மின்சாரம் வேண்டாம். வெளிச்சமும் திரைக்குப் பின்னாலிருந்து கண்ணை நோக்கி வருவதில்லை, ஓரத்து விளக்குகள் திரையின் மேற்பரப்பின் மீது பரப்புகின்றன. அதனால்தான் சித்திரை வெயிலில் மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. செல்போன் திரை அங்கே கண்ணாடி மாதிரி முகத்தைத்தான் காட்டும்.

தெளிவைப் பொறுத்தவரை 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) இல்லாத எதையும் வாங்காதீர்கள். கடையில் பழைய சரக்காகவோ, பழைய பொருளாகவோ 167 பிபிஐ கிண்டில் மலிவாக வரும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் ண, ன சுழிகள் ஒட்டிக்கொள்ளும். சிறிய எழுத்தில் மெய்யின் புள்ளி மங்கி, ‘கண்’ணும் ‘கண’வும் ஒன்றுபோல் தோன்றும். அடிப்படைக் கிண்டில் 300 பிபிஐக்கு வந்தது 2022 மாடலில். பேப்பர்வைட் அதற்குப் பல ஆண்டுக்கு முன்பே வந்துவிட்டது.

வண்ணத் திரை பலரை இழுக்கிறது. இப்போது பரவலாக இருக்கும் கலெய்டோ 3 வகையில் கறுப்பு வெள்ளை 300 பிபிஐ, வண்ணம் 150 மட்டும். வண்ணத்துக்காகத் திரைமேல் ஒரு வடிகட்டி படிந்திருப்பதால் வெள்ளை கொஞ்சம் சாம்பலாகத் தெரியும், பகலிலும் விளக்கு போட வேண்டிவரும். காமிக்ஸும் சிறுவர் நூலும் படிக்கிறவர்களுக்குச் சரி. நாவல் படிக்க வண்ணத்துக்குக் காசு கொடுப்பது வீண்.

விளக்கின் நிறத்தை மஞ்சளுக்கு மாற்றும் வசதி இரவில் படிப்பவர்களுக்கு நிஜமாகவே உதவும். விலை வித்தியாசம் தாங்குமென்றால் எடுங்கள். பக்கம் தள்ளும் பொத்தான் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்பவர்களுக்கு வேண்டும், மற்றவர்களுக்கு ஆடம்பரம். ஐபிஎக்ஸ்8 என்பது நீர்காப்புத் தரம்; கிண்டில், கோபோ ரீடர்களில் அதற்கு 2 மீட்டர் நன்னீரில் ஒரு மணி நேரம் தாங்கும் என்று பொருள். ஐப்பசி மழையில் பை நனையும்போது மனசுக்கு நிம்மதி.

நினைவகம் பற்றிக் கவலை வேண்டாம். யூனிகோடில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுத்தாலும், ஈபப் சுருக்கப்பட்ட கோப்பு என்பதால் பெரிய நாவலும் ஒன்றிரண்டு எம்பிக்குள் அடங்கிவிடும். 16 ஜிபியில் ஆயிரக்கணக்கில் கொள்ளும். ஸ்கேன் பிடிஎஃப்தான் ஒன்றே 50, 100 எம்பி இழுக்கும். அதைச் சேர்க்கிறவர்களுக்கு மட்டும் 32 ஜிபி பேச்சு.

பேட்டரி விளம்பரத்தைப் படிக்கும் முறை: பேப்பர்வைட்டின் 2024 மாடலுக்கு 12 வாரம் என்கிறார்கள். ஒரு நாளைக்கு அரை மணி நேரம், வைஃபை அணைத்து, விளக்கு நடுத்தரமாக வைத்தால் என்று அடிக்குறிப்பு சொல்லும். பெருக்கினால் 42 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் படிப்பவருக்கு மூன்று வாரம். வைஃபையை அணைக்காமல் விட்டால் அதற்கும் குறைவு. இதுவும் தாராளம்தான்.

தமிழ்ச் சோதனை

கருவி கைக்கு வந்த அன்றே இதைச் செய்யுங்கள், திருப்பித் தரும் காலம் முடியுமுன். கூகுள் டாக்ஸில் புதுக் கோப்பு திறந்து இந்த வரியைத் தட்டச்சு செய்யுங்கள்:

கோரிப்பாளையத்துக் கௌசல்யா ஸ்ரீதேவியோடு தெப்பக்குளம் போய்க் கைநிறைய மல்லிகை கொண்டுவந்தாள். க்ஷேமம், ஃபேன், தூண், நூல்.

அதையே பத்து முறை ஒட்டி, பதிவிறக்கப் பட்டியலில் ஈபப் என்பதைத் தேர்ந்து இறக்கி, ரீடருக்கு அனுப்புங்கள். பிறகு பாருங்கள். ‘தெ’வில் கொம்பு எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கிறதா? ‘கோ’வில் கொம்பும் காலும் இருபுறமும் பிரிந்து நிற்கின்றனவா? ‘ஸ்ரீ’ ஒரே எழுத்தாக வருகிறதா, ஸ், ரீ என்று பிளந்து நிற்கிறதா? ‘க்ஷே’ சேர்ந்திருக்கிறதா? எங்காவது புள்ளிப்புள்ளியான வட்டம் முளைத்திருந்தால் அந்தக் கருவி எழுத்துகளைக் கோக்கத் தெரியாமல் தனித்தனியாகக் கொட்டுகிறது என்று பொருள். வெறும் கட்டங்களாக வந்தால் தமிழ் எழுத்துருவே இல்லை. அடுத்து எழுத்தளவைக் குறைத்துக்கொண்டே வந்து, மெய்ப்புள்ளி எந்த அளவில் மறைகிறது என்று பாருங்கள். கடைசியாகத் தேடல் பெட்டியில் ‘கோரிப்பாளையம்’ என்று தமிழில் தட்டச்சு செய்ய விசைப்பலகை வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அகராதி வசதியை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ‘வீட்டிலிருந்து’ என்பதைத் தொட்டால் அகராதி ‘வீடு’ என்று புரிந்துகொள்ளாது. வேற்றுமை உருபு ஏறிய தமிழ்ச் சொல்லுக்கு எந்த ரீடரின் அகராதியும் பாதி நேரம் கைவிரிக்கும்.

கருவிகள்

கிண்டில்: அடிப்படைக் கிண்டில் 6 அங்குலம், பேப்பர்வைட் இப்போது 7 அங்குலம், 16 ஜிபி, மஞ்சள் விளக்கு, ஐபிஎக்ஸ்8, யுஎஸ்பி-சி. 2025-இல் இந்தியாவுக்கு வந்தபோது 16,999 ரூபாய் என்று விலை வைத்தார்கள். வாங்கும் நாளில் என்ன விலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ் நூல்களை அதிகம் விலைக்கு வாங்குகிறவர்களுக்கு இதைவிட வசதியானது இல்லை. குறை என்னவென்றால் ஈபப்பைக் கேபிள் வழியாக நேரடியாகப் போட்டால் திறக்காது. ‘சென்ட் டு கிண்டில்’ வழியாக அனுப்பினால் அமேசானே மாற்றிக் கொடுக்கும். இணையப் பக்கம் வழியாக 200 எம்பி வரை, மின்னஞ்சல் வழியாக 50 எம்பி வரை. 100 எம்பி ஸ்கேனை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு வரவில்லையே என்று காத்திருப்பவர்கள் உண்டு.

கோபோ: ஈபப்பை நேரடியாகத் திறக்கும், கேபிளில் போட்டால் போதும். கிளாரா 6 அங்குலம், லிப்ரா கலர் 7 அங்குலம், பொத்தானோடு. கோபோவில் ஈபப்பையும் கேபப் எனும் அதன் சொந்த வடிவத்தையும் வேறு வேறு நிரல்கள் திரையில் வரைகின்றன. எனவே தமிழ்ச் சோதனையில் ஈபப் சொதப்பினால் காலிபரில் (கணினியில் மின்னூலை வடிவம் மாற்றும் மென்பொருள்) கேபப் ஆக மாற்றி இன்னொரு முறை பாருங்கள். அதுவும் திருப்தி தரவில்லை என்றால் கோரீடர் என்ற இலவச நிரலைப் போட்டுக்கொள்ளலாம். தமிழ் எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கும், ஸ்கேன் பிடிஎஃப்பின் ஓரத்தைத் தானே வெட்டும், மங்கிய எழுத்தைக் கறுப்பாக்கும். ஸ்கேன் படிப்பவர்களுக்கு இந்த ஒரு நிரலுக்காகவே கோபோ பக்கம் சாயலாம். ஆனால் வாங்குமுன் இந்திய வாரண்டி உண்டா, பழுதானால் எங்கே அனுப்புவது என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

பூக்ஸ்: ஆண்ட்ராய்டில் ஓடும் மின்மைத் திரைக் கருவி. கிண்டில் ஆப், பிளே புக்ஸ், பிரதிலிபி எல்லாம் ஒரே கருவியில். முதல் வகை, மூன்றாம் வகை இரண்டும் சரிபாதியாக உள்ள பட்டியலுக்கு ஏற்றது. 10.3 அங்குல மாடல்களில் டெம்மி நூல் அநேகமாகச் சுருங்காமல் முழுதாகத் தெரியும். ஏ4-உம் ஓரம் வெட்டினால் வசதி. விலை கிண்டிலைவிட மடங்குக் கணக்கில் கூடும். பேட்டரி வாரக் கணக்கில் வராது. ஆப் ஒவ்வொன்றிலும் அசைவு விளைவுகளை அணைத்து, எழுத்தை அழுத்தமாக்கி, புதுப்பிக்கும் வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். செல்போன் அமைப்புகளை நோண்டுவது பிடிக்காதவர்கள் ஒதுங்கிவிடுவது நல்லது.

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வருகிற மாமா வாங்கி வருகிறார் என்றால்: கிண்டில் எந்த நாட்டில் வாங்கியதானாலும் இங்குள்ள கணக்கில் பதிந்துகொள்ளும். வாரண்டி மட்டும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். அமெரிக்காவில் மலிவாகக் கிடைப்பது பூட்டுத்திரையில் விளம்பரம் வரும் வகையாக இருக்கலாம். ‘விளம்பரம் இல்லாதது’ என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

பழையது வாங்கினால்

நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். வைஃபை வேண்டியிருப்பதால் செல்போன் ஹாட்ஸ்பாட்டோடு போங்கள். பழைய மாடல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும், ஹாட்ஸ்பாட்டை அதற்கு மாற்றி வையுங்கள். பிறகு இந்த வரிசையில்:

1. விற்பவர் தம் கணக்கை உங்கள் கண்முன் நீக்கட்டும்.
2. அங்கேயே உங்கள் கணக்கில் பதியுங்கள். திருட்டுப்போனதாகப் புகார் உள்ள கருவி பதியாது. பதியாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.
3. விளக்கை முழுதாக ஏற்றி, வெற்றுப் பக்கத்தில் கோடு, கரும்புள்ளி, ஓரத்தில் மங்கல் இருக்கிறதா என்று பாருங்கள்.
4. சார்ஜர் துவாரத்தில் கேபிளை மெல்ல அசைத்துப் பாருங்கள். சார்ஜ் ஏறுவது விட்டுவிட்டு வந்தால் துவாரம் தளர்ந்துவிட்டது.
5. பேட்டரி சதவீதத்தைக் குறித்துக்கொண்டு இருபது நிமிடம் பக்கம் தள்ளிப் படியுங்கள். மூன்று நான்கு சதவீதத்துக்கு மேல் இறங்கினால் பேட்டரி களைத்துவிட்டது.

திரையில் ஒரு கோடு இருந்தாலும் வேண்டாம். மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் எந்தச் செல்போனுக்கும் டிஸ்பிளே மாற்றித் தருவார்கள். மின்மைத் திரைக்கு உதிரி அங்கே எளிதில் அகப்படாது, அகப்பட்டாலும் செலவு புதுக் கருவியை நெருங்கும்.

முதல் வாரத்தில்

கணினி இருந்தால் காலிபர் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். கோப்புகளை அதில் சேர்த்து, ஒவ்வொன்றின் விவரத் திருத்தத்தில் ‘மொழி’ என்ற இடத்தில் தமிழ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். நிறைய இலவச நூல்களில் அது வெறுமையாகவோ ஆங்கிலம் என்றோ இருக்கும். ஆங்கிலம் என்றிருந்தால் எழுத்துருத் தேர்வும் வரி உடைப்பும் ஆங்கில முறையில் நடக்கும். தமிழ் எழுத்துரு பட்டியலில் வராமலும் போகலாம். இந்த ஒரு திருத்தம் பாதிக் குறைகளைத் தீர்க்கும்.

எழுத்துரு பிடிக்கவில்லையா? நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை போன்றவை இலவசம். கிண்டிலிலும் கோபோவிலும் கேபிளில் இணைத்து ‘ஃபான்ட்ஸ்’ கோப்புறைக்குள் போட்டுவிட்டு, நூலைத் திறந்து எழுத்துருப் பட்டியலில் தேர்ந்தெடுக்க வேண்டும். கோபோவில் அந்தக் கோப்புறை இருக்காது, நீங்களே உருவாக்க வேண்டும். 2024 கிண்டில்களைக் கணினி பென்டிரைவ் போல அல்லாமல் செல்போன் போலக் காட்டும்; மேக் வைத்திருப்பவர்களுக்கு அதற்கென்று தனி நிரல் தேவைப்படும்.

திறந்ததும் எழுத்துகள் குப்பையாக, ஆங்கிலக் குறிகளும் கோடுகளுமாகத் தெரிந்தால் கருவியைத் திட்ட வேண்டாம். அது யூனிகோடுக்கு முந்தைய காலத்து டிஸ்கி, டாப், பாமினி போன்ற குறியேற்றத்தில் உள்ள கோப்பு. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் யூனிகோடாக்கி, திரும்ப ஈபப் செய்யுங்கள்.

ஸ்கேன் நூலை ஈபப் ஆக மாற்ற காலிபரில் தட்டிப் பார்த்து ஏமாறுபவர்கள் பலர். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் வேலை காலிபருக்குத் தெரியாது. கூகுள் டிரைவில் பக்கங்களை ஏற்றி டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்துணரி வேலை செய்யும். நல்ல ஸ்கேனில் வியக்கத்தக்க அளவு சரியாகவே வரும். சிறு சிறு துண்டுகளாக ஏற்றுங்கள். செய்யுள், அடிக்குறிப்பு, இரண்டு பத்தி உள்ள இதழ்ப் பக்கம் எல்லாம் கலைந்து வரும், கையால் திருத்த வேண்டும். அதற்கு முன் அந்த நூல் ஏற்கெனவே விக்கிமூலத்தில் தட்டச்சாகி இருக்கிறதா என்று ஒரு முறை தேடிவிடுவது உழைப்பை மிச்சப்படுத்தும்.

முதல் நாளே முந்நூறு புத்தகத்தை ஏற்றிவிட்டு ‘பேட்டரி ஒரே நாளில் போச்சே’ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. புது நூல்களையெல்லாம் கருவி உள்ளுக்குள் படித்துத் தேடல் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கும். ஓரிரு நாளில் அடங்கும். இருபது இருபதாக ஏற்றுங்கள். முந்தைய பக்கத்தின் நிழல் மெல்லத் தெரிந்தால் அது பழுது அல்ல; அமைப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் திரையைப் புதுப்பிக்கும் தேர்வை வைத்துவிடுங்கள், பேட்டரி சிறிது கூடுதலாகப் போகும்.

இரண்டு விஷயம் ரீடரைக் கொல்லும். ஒன்று வெயில்: கிண்டில் போன்றவற்றுக்கு 35 டிகிரி வரைதான் இயங்கும் வெப்பம் என்று கணக்கு. வெளியே கொஞ்ச நேரம் படிப்பதால் ஒன்றும் ஆகாது. மே மாதத்தில் பூட்டிய காரின் டேஷ்போர்டிலும், வண்டியின் சீட்டுக்கு அடியிலும் விட்டுப் போவதுதான் பேட்டரியை உப்ப வைக்கும். இன்னொன்று அழுத்தம். பெரும்பாலான மின்மைத் திரைகளுக்கு அடியில் மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கிறது. பைக்குள் டிபன் பாக்ஸின் முனை அதன் நடுவில் அழுந்தினால் வெளியே கீறல்கூடத் தெரியாது, உள்ளே தகடு விரிசல் விட்டுப் பாதித் திரை உறைந்துவிடும். வாரண்டியும் இதற்குக் கிடையாது. துணி உறை போதாது. முன்பக்கம் கெட்டியான மூடி உள்ள உறையைக் கருவியோடு சேர்த்தே வாங்கி, பையில் திரை முதுகுப் பக்கம் இருக்கும்படி வையுங்கள்.